மண்ணறிவும் ஆட்டப் பலகையும்

பாடம் என்பது முகத்தைச் சுளித்துக்கொண்டு படிக்கவேண்டியது. விளையாட்டு என்பது பாடத்தை மறப்பதற்காக ஆடவேண்டியது. இப்படி ஓர் எண்ணம் நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றிக் கிடக்கிறது. ஆகவே, எஞ்சினீயரிங் கலாசாலை மாணவர்களுக்கு மண் இயக்கவியலை ஆட்டப் பலகையின் மூலம் போதிக்கலாம் என்று நாம் கூறினால், நம்மவரில் பலர் நகைக்கக்கூடும். தாயக்கட்டையை உருட்டியா கட்டடம் கட்டுவது என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுமுன், அந்தச் சாஸ்திரம் எத்தகையது, இன்று அது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

இரும்பையும் சிமிட்டியையும் மனிதன் செய்கிறான். தனக்கு எவ்வளவு வலிமை வேண்டுமோ அவ்வளவுக்குத் தக்கபடி செய்துகொள்கிறான். காலடியில் உள்ள மண்ணையோ அவன் செய்வதில்லை. அது கிடைத்தபடி கிடக்கிறது. ஓரிடத்தில் கெட்டித் தரை. பத்தடி தள்ளினால் சேறு. மேலே மணல், கீழே இளகிய களி. அதனுள் நீர் எவ்வளவு, அந்த நீர் எவ்வழியே கசிந்து வெளியேறும், அதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்பதெல்லாம் கண்ணுக்குப் புலப்படாதவை. இவற்றை அறிந்து, இந்த மண்ணின்மீது எழுப்பும் வீடும் அணையும் சாலைக்கரையும் நிலைத்து நிற்குமா என்று முன்கூட்டியே கணிப்பதுதான் மண் இயக்கவியல்.

மண் சுவரைத் தள்ளும் விசையைப் பற்றிப் பிரெஞ்சு எஞ்சினீயர் கூலம் 1773-ஆம் வருஷத்திலேயே ஆராய்ந்தார். ஆயினும் மண்ணைப் பற்றிய அறிவு தனி சாஸ்திரமாக உருப்பெற்றது 1925-ஆம் வருஷத்தில்தான். ஆஸ்திரிய எஞ்சினீயரான கார்ல் டெர்ஸாகி அவ்வருஷம் வெளியிட்ட நூலே அதற்கு அடிகோலியது. இஸ்தான்புல் நகரில் ஆசிரியராக இருந்த காலத்தில், மிக எளிய சாமான்களைக்கொண்டு அவர் சோதனைகள் நடத்தினார். நீர் நிறைந்த மண்ணின்மீது பாரம் வைத்தால், அப்பாரத்தை மண் துகள்களும் நீரும் பகிர்ந்துகொள்கின்றன. துகள்கள் தாங்கும் பங்கு மட்டுமே மண்ணுக்கு வலிமை தருகிறது. இதுவே அவர் கண்ட உண்மை. இதைப் பயனுறு தகைவு என்று நூல்கள் கூறுகின்றன. இந்த ஒரு கருத்து விளங்கினால் சாஸ்திரத்தில் பாதி விளங்கியதற்குச் சமானம்.

பரீட்சைத் தாளும் பூமியும்

இத்தகைய சாஸ்திரத்தை நமது கலாசாலைகளில் எவ்வாறு பரீட்சிக்கிறோம்? களியின் கனம் இவ்வளவு, நீர்மட்டம் இங்கே, மண்ணின் வலிமை இவ்வளவு என்று எல்லா எண்களையும் கேள்வித்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறோம். மாணவன் அவற்றைச் சூத்திரத்தில் இட்டு விடை காண்கிறான். விடை சரியானால் அவன் எஞ்சினீயர். ஆனால் பூமி எவருக்கும் கேள்வித்தாளை அச்சிட்டு நீட்டுவதில்லை. எண்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே அங்கே முதல் வேலை. அதற்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும். எல்லா இடத்திலும் தோண்டிப் பார்க்க முடியாது. சில இடங்களில் தோண்டி, மற்ற இடங்களைப் பற்றி ஊகித்து, அந்த ஊகத்தின்மீது ஜனங்களின் உயிரை ஏற்றவேண்டியிருக்கிறது. இந்தப் பொறுப்பைச் சூத்திரம் மட்டும் கற்பிக்குமா?

கற்பிக்காது என்பதற்கு ஒரு சம்பவமே போதும். கானடா தேசத்தில் வின்னிபெக் நகருக்கு அருகில் டிரான்ஸ்கோனா என்ற இடத்தில் 1911-ஆம் வருஷம் முதல் 1913 வரை பிரம்மாண்டமான ஒரு தானியக் களஞ்சியத்தைக் கட்டினார்கள். பத்து லட்சம் புஷெல் தானியம் கொள்ளும் 65 கான்கிரீட் தொட்டிகள். அனைத்துக்கும் கீழே 77 அடி அகலமும் 195 அடி நீளமும் உள்ள ஒரே கான்கிரீட் மேடை. அஸ்திவாரக் குழியின் அடியில் சிறிய பரப்பில் பாரம் வைத்துச் சோதித்தார்கள். மண் கெட்டியாக இருந்தது. திருப்தியடைந்து கட்டி முடித்தார்கள். 1913 அக்டோபர் 18-ந் தேதி, களஞ்சியம் பெரும்பாலும் நிரம்பியிருந்த சமயம், அது அமிழத் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரத்தில் ஓரடி இறங்கிற்று. ஏறக்குறைய 24 மணி நேரத்தில் 27 டிகிரி அளவுக்கு மேற்கே சாய்ந்து நின்றது. தொட்டிகள் உடையவில்லை. கட்டடத்தில் குறையில்லை, குறை மண்ணில் இருந்தது.

மேலே இருந்த கெட்டிக் களிக்குக் கீழே இளகிய களி கிடந்தது. சிறு பரப்பில் வைத்த பாரத்தின் பாதிப்பு மேலடுக்கோடு நின்றுவிட்டது. 77 அடி அகல மேடையின் பாதிப்போ ஆழத்திலிருந்த இளகிய அடுக்குவரை சென்றது. பாரம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ அவ்வளவு ஆழத்துக்கு அதன் அமுக்கம் இறங்கும். 1951-ஆம் வருஷத்தில் அவ்விடத்தில் துளையிட்டு மண்ணை எடுத்துச் சோதித்துக் கணக்கிட்டபோது, களஞ்சியம் எந்தப் பாரத்தில் சாய்ந்ததோ கிட்டத்தட்ட அதே பாரத்தில் அது சாய்ந்தே தீரும் என்று கணக்கும் சொல்லிற்று. சூத்திரம் பொய்க்கவில்லை. ஆழத்தில் என்ன இருக்கிறது என்று உரிய காலத்தில் எவரும் கேட்கவில்லை, அவ்வளவே. பின்னர் பெருமுயற்சி செய்து அக்களஞ்சியத்தை நிமிர்த்தி, பாறைவரை தூண்கள் இறக்கித் தாங்கவைத்து, மறுபடியும் உபயோகித்தார்கள் என்பது வேறு கதை.

ஆட்டத்தில் பாடம் புதிதன்று

மறைந்திருப்பதைப் பற்றி முடிவு செய்யப் பழக்குவதற்கு ஆட்டப் பலகை சிறந்த சாதனம். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து நம் வீடுகளில் ஆடும் பரமபத சோபானம் எதற்காக ஏற்பட்டது? புண்ணியம் ஏணியாகவும் பாபம் பாம்பாகவும் நின்று குழந்தைகளுக்கு நெறி புகட்டுவதற்காக ஏற்பட்டது. இந்தியாவின் அந்த ஆட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குச் சென்று, நாளடைவில் நீதியை உதிர்த்துவிட்டு, வெறும் பாம்பும் ஏணியுமாக நமக்கே திரும்பி வந்தது.

அமெரிக்காவில் எலிஸபெத் மேகி என்னும் மாது 1904-ஆம் வருஷத்தில் நிலச்சுவான்தார் ஆட்டம் ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நிலத்தின் வாடகை சிலர் கையில் குவிவதால் நேரும் கேட்டை ஜனங்களுக்குக் காட்டுவதே அவருடைய நோக்கம். அதிலிருந்து பிறந்து 1935-ஆம் வருஷத்தில் கடைக்கு வந்த மோனோபோலி என்னும் ஆட்டமோ, பிறரை ஓட்டாண்டியாக்குகிறவனுக்கே வெற்றி என்று கொண்டாடிற்று! ஆட்டம் கற்பிக்கும், எதைக் கற்பிக்கிறது என்பது விதிகளை அமைப்பவரின் கையில் இருக்கிறது. இதை நாம் மறக்கலாகாது.

நமது விஷயத்துக்கு மிகவும் நெருங்கிய உதாரணம் பிரஷ்ய ராணுவத்தின் போர் விளையாட்டு. லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-ஆம் வருஷத்தில் அதற்கு விதிகள் வகுத்தார். நிலப்படத்தின்மீது காய்களை நகர்த்தி அதிகாரிகள் பயிற்சி பெற்றார்கள். நடுவர் ஒருவர் இருப்பார். ஒரு படையின் கண்ணுக்கு எட்டாத எதிரியை அவர் பலகையில் வைக்கமாட்டார். வேவு பார்க்க ஆள் அனுப்பினால்தான் தெரியவரும். மண்ணுக்கும் எதிரிப் படைக்கும் இதில் வேற்றுமை என்ன?

இக்காலத்திலும் இம்முறை கைவிடப்படவில்லை. நெதர்லாந்து தேசம் கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலங்களைக் கரைகட்டிக் காத்துவருகிறது. அங்கே கரைகளைக் காவல்புரிபவர்களைப் பயிற்றுவிக்க டெல்டாரஸ் என்னும் ஆராய்ச்சி நிலையம் ஒரு கணினி விளையாட்டை ஏற்படுத்தியிருக்கிறது. கரையில் காணும் வெடிப்பு, கசிவு முதலிய குறிகளைக் கண்டறிந்து தக்கபடி அறிவிப்பதே அதில் ஆடுபவரின் கடமை. நமக்குக் கணினிகூட அவசியமில்லை. அட்டையும் கத்தரிக்கோலும் போதும்.

எப்படி ஆடுவது?

இத்தகைய ஆட்டம் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றி நமது யோசனையைக் கூறுகிறோம். பலகையில் ஒரு நிலத்தைக் கட்டம் கட்டமாக வரைந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். மணல், கெட்டிக் களி, இளகிய களி, பாறை என்று அவற்றில் குறித்திருக்கும். ஆசிரியர் ஒருவருக்கே அடுக்குகள் தெரியும். மாணவர் நால்வர் கொண்ட ஒவ்வொரு கோஷ்டிக்கும் குறிப்பிட்ட தொகையும் ஒரு வேலையும் தரப்படும். ஒருவருக்குத் தானியக் களஞ்சியம், ஒருவருக்குச் சாலைக்கரை, ஒருவருக்கு நீர்த்தொட்டி.

முதல் விதி இது: ஒரு சீட்டைத் திறந்து பார்க்கவேண்டுமானால் பணம் கட்டவேண்டும். ஆழத்துக்குத் தக்கபடி கட்டணம் ஏறும். துளையிட்டுப் பார்ப்பதை மிச்சப்படுத்திக் கட்டடத்தில் போட்டவன் முதலில் முன்னேறுவதுபோல் தோன்றும். கட்டடத்தின் அகலத்துக்குத் தக்கபடி கீழே எத்தனை அடுக்குகள் பாரத்தைத் தாங்கவேண்டும் என்று விதி இருக்கும். ஒரு கட்ட அகலத்துக்கு இரண்டு அடுக்கு. மூன்று கட்ட அகலத்துக்கு நான்கும். டிரான்ஸ்கோனாவின் கதையை ஆசிரியர் வாயால் சொல்லாமலே, மாணவன் தன் களஞ்சியத்தைத் தானே சாய்த்து அறிந்துகொள்வான்.

இரண்டாவது விதி காலத்தைப் பற்றியது. களியில் பாரம் ஏறினால் அதிலுள்ள நீர் மெள்ள மெள்ளவே வெளியேறும். வெளியேற வெளியேறக் களி இறுகி வலிமை பெறும். இதற்குப் பிடிக்கும் காலம் நீர் கடக்கவேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று டெர்ஸாகியின் கணக்கு சொல்கிறது. தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆகவே களிச்சீட்டு ஒன்றானால் ஒரு முறை காத்திருக்கவேண்டும். இரண்டானால் நான்கு முறை. மூன்றானால் ஒன்பது முறை. களிக்கு மேலும் கீழும் மணல் இருந்தால் நீர் இருபுறமும் வடியும்; தூரம் பாதியாகும்; காலம் காலாகும். பணம் கொடுத்து மணல் வடிகால் இறக்கியும் காலத்தைக் குறைக்கலாம். இரண்டு ஆட்டம் ஆடிய மாணவன் இந்த வர்க்க விதியை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

காத்திருப்பதும் ஒரு காரியமே என்பதை இவ்விதி உணர்த்தும். பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை உலகமே அறியும். 1173-ஆம் வருஷத்தில் தொடங்கிய அந்த வேலை சில வருஷங்களில் நின்றுபோய், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சும்மா கிடந்தது. 1272-இல் மறுபடி தொடங்கி, மீண்டும் நின்று, பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முடிவுற்றது. இந்தத் தடைகள் இன்றி ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் அன்றே விழுந்திருக்கும் என்பது நிபுணர்களின் முடிவு. இடைக்காலத்தில் அடியிலிருந்த களி இறுகிக்கொண்டது. வேலை நின்றதே கோபுரத்தைக் காத்தது! பிற்காலத்தில், 1990 முதல் 2001 வரை அதை மூடிவைத்து, உயர்ந்திருந்த வடபுறத்தின் அடியிலிருந்து சிறுகச் சிறுக மண்ணை எடுத்து, சாய்வை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தார்கள். அங்கும் பொறுமையே மருந்தாயிற்று.

மூன்றாவது விதி இயற்கையின் தாக்குதல் பற்றியது. பெருமழை, வெள்ளம், பூகம்பம் ஆகியவற்றைத் தனிச்சீட்டுகளாக வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை எடுக்கலாம். ஜப்பானில் நீகாட்டா நகரில் 1964 ஜூன் 16-ந் தேதி நேர்ந்த பூகம்பத்தில், நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கித் திரவம்போல் ஆயிற்று. அடுக்குமாடி வீடுகள் சுவர் இடியாமலே சாய்ந்தன. ஒன்று அநேகமாகப் படுத்தே விட்டது. பாரம் முழுவதும் நீரின்மேல் விழுந்து, துகள்களின் பங்கு இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பணம் செலவிட்டு மணலை முன்கூட்டியே இடித்துக் கெட்டிப்படுத்திய கோஷ்டி பூகம்பச் சீட்டைக் கண்டு அஞ்சாது.

ஜனங்களுக்கும் ஓர் இடம்

ஆட்டத்தில் இன்னும் ஒரு முக்கியமான அம்சம் இருக்கவேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். நால்வரில் ஒருவன் எஞ்சினீயர், ஒருவன் காண்டிராக்டர், ஒருவன் சொந்தக்காரன் என்றால், நான்காமவன் அந்தக் கரைக்குக் கீழே குடியிருக்கும் ஜனங்களின் பிரதிநிதியாக இருக்கவேண்டும். அவன் கையில் பணம் இராது. கசிவு கண்டேன், வெடிப்பு கண்டேன் என்று எழுதிய முறையீட்டுச் சீட்டுகள் மட்டும் இருக்கும். அவற்றை மற்ற மூவரும் கேட்கலாம், கேளாமலும் விடலாம்.

இது வெறும் அலங்காரமல்ல. வேல்ஸ் நாட்டில் ஆபர்வான் என்ற சுரங்க ஊருக்கு மேலே, மலைச்சரிவில், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவை ஊற்றுகளின்மேல் குவித்துவந்தார்கள். ஊரார் முன்னதாகவே கவலை தெரிவித்து எழுதினார்கள். பலன் இல்லை. 1966 அக்டோபர் 21-ந் தேதி காலையில் அக்குவியல் நீரூறிச் சரிந்து, பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் மூடியது. 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். சுரங்கங்களை நடத்திய தேசிய நிலக்கரி போர்டே பொறுப்பாளி என்று விசாரணை மன்றம் தீர்ப்பளித்தது. ஊற்றின்மேல் மண்மேடு நில்லாது என்பதை அறிய உயர்ந்த கணிதம் தேவையில்லை. ஊரார் சொல்லுக்குச் செவிசாய்க்கும் வழக்கம் இருந்தால் போதும். அந்த வழக்கத்தை இருபது வயதில் பழக்காவிட்டால் ஐம்பது வயதில் அது வருமா?

ஆட்சேபங்கள்

இனி எதிர்வாதங்களைக் கவனிப்போம். வேடிக்கைக்குப் பொழுதேது, பாடத்திட்டமே முடிவதில்லை என்று ஆசிரியர்கள் கூறுவார்கள். ஒரு பருவத்தில் மூன்று பிற்பகல்கள் போதும். பயனுறு தகைவை மூன்று வாரம் கரும்பலகையில் எழுதியும் மாணவன் மனத்தில் அது பதியவில்லையானால், பொழுதைப் போக்கியது எது?

சோதனைச் சாலைக்குச் செலவழிக்க மனமில்லாத நிர்வாகிகள் அட்டையை நீட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. மண்ணைக் கையால் பிசைந்து, நூலாகத் திரித்து, பாரம் ஏற்றி அறிவதற்கு ஈடு கிடையாது. ஆட்டம் அதற்குத் துணையே தவிர மாற்றல்ல. அட்டையைக் காட்டிச் சோதனைச் சாலையை மூடும் நிர்வாகத்தை நாமே முதலில் கண்டிப்போம்.

மூன்றாவது ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது. அதிர்ஷ்டத்தால் ஜயிப்பதையும் தோற்பதையும் பழக்கினால், கட்டடம் இடிவதும் விதியின் செயல் என்று மாணவன் எண்ணிவிடமாட்டானா? எண்ணக்கூடும். ஆகையால்தான் மண்ணைத் தாயக்கட்டையிடம் ஒப்படைக்கலாகாது என்கிறோம். மழையும் பூகம்பமும் சீட்டு விழுந்தபடி வரட்டும். மண்ணோ ஆட்டம் தொடங்குமுன்பே அடுக்கி வைத்தபடி அசையாமல் இருக்கவேண்டும். அது மாறவில்லை, நாம்தான் பார்க்கவில்லை என்பது தெளிவாகத் தெரியவேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சீட்டுகளையும் திறந்து வைத்து விசாரணை நடத்தவேண்டும். எந்தச் சீட்டைத் திறந்திருந்தால் விபத்து நேர்ந்திராது? அதற்கு என்ன செலவாகியிருக்கும்? முறையீட்டை யார் ஒதுக்கினார்? இவற்றுக்கு ஒவ்வொரு கோஷ்டியும் எழுத்து மூலம் விடை தரவேண்டும். மதிப்பெண் அந்த விடைக்கே உரியது, ஜயித்தவனுக்கு அன்று. இந்த விசாரணை இல்லாவிட்டால் ஆட்டம் வெறும் பொழுதுபோக்கே.

நமது மண், நமது பாஷை

இன்னொன்றையும் கூறி முடிக்கிறோம். அயல்நாட்டில் அச்சிட்ட சீட்டுகளை வாங்கி ஆடினால் போதாது. மழையில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் நமது கரிசல் மண்ணுக்கு ஒரு சீட்டு வேண்டாமா? கோவில்பட்டிச் சீமையில் வீடு கட்டியவர் எவரும் அதன் குணத்தை அறிவார். அப்படியே ஆற்றுப்படுகை மணலுக்கும் கடற்கரைக் களிக்கும் சீட்டுகள் வேண்டும். சீட்டுகளை எழுதும் வேலையையே மாணவர்களிடம் விட்டுவிட்டால், தத்தம் ஊர் மண்ணை அவர்கள் ஆராய்ந்தே தீரவேண்டியிருக்கும்.

சிவில் எஞ்சினீயரிங்கைத் தமிழில் கற்பிக்கும் வகுப்புகளை அண்ணா சர்வகலாசாலை 2010-ஆம் வருஷத்தில் தொடங்கியது. கலைச்சொல் அகராதிகளும் நம்மிடம் இருக்கின்றன. அகராதியில் உறங்கும் சொல்லுக்கு உயிர் வருவது எப்போது? நால்வர் கூடி வாதாடும்போது வரும். இங்கே துளையிடு, வேண்டாம், களி இன்னும் இறுகவில்லை, பொறு என்று மாணவர்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து தமிழில் சச்சரவு செய்யட்டும். நாளைக்கு மேஸ்திரியிடமும் ஊராரிடமும் அவர்கள் பேசவேண்டிய பாஷை அதுவேயல்லவா?

அட்டையில் களஞ்சியம் சாய்ந்தால் மீண்டும் நிறுத்திவிடலாம். அங்கே யாரும் சாவதில்லை. தவறு செய்வதற்கு அதைவிட மலிவான இடம் எஞ்சினீயருக்கு வாழ்நாளில் வேறு கிடைக்காது. அந்த இடத்தைக் கலாசாலைகள் அவனுக்கு அளிக்கவேண்டும். பிற்காலத்தில் துளையிட்டுப் பார்க்கும் செலவைக் குறைக்கும்படி ஒரு சொந்தக்காரர் வற்புறுத்தும்போது, முடியாது என்று சொல்லும் நெஞ்சுரம் அவனுக்கு அன்றே பிறந்திருக்கவேண்டும்.